ஏழு கதவுள்ள டப்பா

"யாருப்பா நீ?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். பின்பக்கம் துணி காயப்போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலியில்தான் இருந்தார். முதலில் கேலி என்று நினைத்தேன். நான் வீட்டில் அதிகம் பேசமாட்டேன். அதனால் "வீட்டுக்குள்ள யாரோ நடமாடுற மாதிரி இருக்கு, யாருப்பா அது?" என்று அவர் என்னைச் சீண்டுவது உண்டு. நான் சிரித்தால் அவருக்கு அது போதும்.

அன்றும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. கையைத் தொட்டேன். ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மாதிரி சில்லென்று, ஈரமாக இருந்தது. விரல்கள் தானாக ஆடின. என் முகத்தைப் பார்த்தபடியே மறுபடியும் கேட்டார்.

"யாருப்பா? என்ன வேணும் உனக்கு?"

அவர் காலடியில் தம்பி மகள் துணிக் கிளிப்புகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். நான்கு வயது. சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். அவள்தான் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரியப்பா, தாத்தாவுக்கு உன்னைத் தெரியல."

பெர்மாஸ் ஜெயாவில் தம்பியின் வீட்டில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். தம்பியும் அவன் மனைவியும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். திரும்ப இருட்டிவிடும். நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அப்பாவுக்கு இனிப்பு நீர் நோய் வந்து, காலில் ஒரு விரலையும் எடுத்த பிறகு, அவரைத் தனியாக விடமுடியாது என்றானது. கல்யாணம் ஆகாத அண்ணன் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. எனக்கும்தான்.

குழந்தையை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது பாரம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. கதை சொல்ல வராது. பாட்டு வராது. ஒரு தடவை தடுப்பூசிக்குக் கிளினிக் கூட்டிப் போனபோது, அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் தம்பி மனைவி, "வீட்டுல இருந்தா எப்படி மிஸ்ஸி படிப்பா? பாலர் பள்ளிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே" என்று கவலைப்பட்டாள்.

அந்த மிஸ்ஸி என்னைத்தான் பார்த்தார். "வீட்டுல என்ன செய்வீங்க அங்கிள்?"

நான் தரையைப் பார்த்தேன். "சமைப்பேன். துணி துவைப்பேன்."

"அதுலயே சேர்த்துக்குங்க. வெங்காயம் உரிக்கும்போது உரிக்க விடுங்க. துணி மடிக்கும்போது சட்டை ஒரு பக்கம், காற்சட்டை ஒரு பக்கம் வைக்கச் சொல்லுங்க. தண்ணி ஊத்தட்டும். சிந்தினா துடைக்கட்டும். விளையாட்டுச் சாமான் ஒண்ணும் வாங்க வேணாம்."

அது எனக்குப் புரிந்தது. தொழிற்சாலையில் என் வேலையே பிரிப்பதுதான். இயந்திரப் பட்டையில் ஓடி வரும் பிளாஸ்டிக் மூடிகளில் சரியில்லாததைக் கண்ணால் கண்டுபிடித்து எடுத்துப் போடவேண்டும். மூடியை முழுசாகப் பார்க்கக்கூடாது, விளிம்பை மட்டும் பார்க்கவேண்டும் என்று எங்கள் பகுதியில் ஒரு பழக்கம் உண்டு. கோடு இருக்கிறதா, கோடு இல்லையா, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் கண் களைக்காது.

நெத்திலி வாங்கி வந்து தட்டில் கொட்டினேன். தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, பெரியது ஒரு கிண்ணம், பொடிசு ஒரு கிண்ணம். அவள் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் அவள் கை போனது.

"இது இங்க வேணாம். இதோட வீடு அது" என்றாள்.

அன்றிலிருந்து அந்த விளையாட்டுக்குப் பெயர் வீட்டுக்கு அனுப்புவது. கடலைப் பருப்பில் கிடக்கும் கல் அதன் வீட்டுக்கு. காலுறை தன் ஜோடி இருக்கும் வீட்டுக்கு. துணிக் கிளிப்புகள் நிறம் பார்த்து அவரவர் வீட்டுக்கு. எல்லாம் முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, "எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயாச்சு!" என்று கத்துவாள். அப்பா நாற்காலியிலிருந்தே, "நீ எப்பத்தான் உன் வீட்டுக்குப் போவ?" என்பார். "இதுதான் என் வீடு. நீதான் வந்தவன்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை காலை அந்த இருமல் இல்லை, சிரிப்பு இல்லை. அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

பக்கவாதம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக்கிடம் அதுவரை நான் தலையை ஆட்டியதைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாக்சிக்! தோலோங்!" என்று உதவி கேட்டுக் கத்தினேன். என் சத்தத்தைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். அவர் சாரோங்குடன் ஓடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் காரை எடுக்கத் திரும்பினார். போகும்போதே கையைக் காட்டி, "உபாட்! உபாட் பாவா!" என்றார். மருந்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

மருந்துப் பையையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். அந்த டப்பா சிங்கப்பூரில் தம்பி மனைவி வாங்கியது. நீளமாக, கிழமைக்கு ஒன்றாக ஏழு சின்ன மூடிகள் இருக்கும். விரலால் தூக்கினால் டப் என்று திறக்கும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாரம் முழுவதற்குமான மாத்திரைகளை அவள்தான் நிரப்பி வைப்பாள். காலை மாத்திரை நாலு வகை. ஒவ்வொரு மூடிக்குள்ளும் வகைக்கு ஒன்று. அப்பாவுக்குக் கண் மங்கல், மூடியில் இருக்கும் ஆங்கில எழுத்தும் தெரியாது. அதனால் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு மூடி. அதில் அவர் தவறியதில்லை.

அவர் மாத்திரை போடும் விதமே தனி. குளித்து, சாமி படத்துக்கு முன்னால் நின்று விபூதி பூசி, அதே கையோடு டப்பாவைத் திறப்பார். உள்ளே இருப்பதை உள்ளங்கையில் கொட்டுவார். கோவிலில் தீர்த்தம் வாங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக் கோப்பியைக் குடித்துவிடுவார். பார்க்கவே மாட்டார். "சாமி குடுக்குறதையும் டாக்டர் குடுக்குறதையும் உத்துப் பார்க்கக் கூடாதுடா" என்பார்.

காரில் அப்பாவின் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். மறு பக்கம் குழந்தை. பாக்சிக் முன்னால் ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினார். அப்பா ஒரு தடவை கண்ணைத் திறந்து, "லாயாங் லாயாங் வந்துருச்சா? இறங்கணும்" என்றார். அது எங்கள் பழைய ஊர், அங்கிருந்து நாங்கள் வந்து எவ்வளவோ காலம் ஆகிறது.

மருத்துவமனையில் உடனே விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். வாதம் இல்லை, ரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிப்போயிருக்கிறது என்றார்கள். அப்பாவைப் படுக்கையோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயதுத் தமிழ்ப் பெண்.

"அங்கிள், காலையில என்ன மருந்து சாப்பிட்டாரு?"

"எப்பவும் சாப்பிடுறதுதான் டாக்டர்."

"கூட ஏதும் போட்டாரா? மறந்து ரெண்டாம் தடவை?"

"இல்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன். ஒரு தடவைதான்."

"எப்பவும் போல போட்டா இவ்ளோ இறங்காதே. டப்பா இருக்கா?"

கொடுத்தேன். டாக்டர் முதல் மூடியைத் திறந்தார். காலி. அது சரி, அன்று சாப்பிட்டது. இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவது. நான்காவது. அவர் கை நின்றுவிட்டது. பிறகு ஐந்து, ஆறு, ஏழு எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்து டப்பாவை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

இரண்டாவது மூடிக்குள் முழுக்கப் பெரிய வெள்ளை மாத்திரை. மூன்றாவதில் முழுக்க இளஞ்சிவப்பு. நான்காவதில் முழுக்க மஞ்சள். மற்ற மூன்றும் சுத்தமாகக் காலி.

"யாரு இது நிரப்புனது அங்கிள்?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால், என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நான்தான்! நேத்து அம்மா தூங்கும்போது. எல்லாம் கலந்து கலந்து இருந்தாங்க. அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வேலை முடிந்ததும் நான் தலையைத் தடவுவேன். அதற்காகக் காத்திருக்கிறாள். என் கை எழவில்லை.

டாக்டர் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். குரலை மாற்றவில்லை. "அப்படியா பாப்பா? இந்த முதல் வீட்டுல யாரு இருந்தாங்க?"

"சின்ன வெள்ளை. அதோட அண்ணன் பெரிய வெள்ளை பக்கத்து வீட்டுல. நடுவுல கோடு இருக்கும், அவரு பெரியவரு. இவருக்குக் கோடு இல்ல."

டாக்டர் மருந்துப் பையிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவோடு வைத்துப் பார்த்தார். குழந்தை சொன்னதை மட்டும் நம்பிவிடவில்லை, எண்ணிப் பார்த்தார். பிறகு எழுந்தார். அந்தச் சின்ன வெள்ளைதான் சீனியை இறக்கும் மாத்திரை; ஒரு வாரத்துக்கான ஏழையும் அப்பா ஒரே வாயில் போட்டிருக்கிறார்.

அப்போதுதான் காலையில் அப்பா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. கோப்பியை வைத்துவிட்டு, "இன்னிக்கு மாத்திரை சுளுவா இறங்கிருச்சுடா" என்றார். தொண்டையில் மாட்டும் அந்தப் பெரிய வெள்ளை அன்று இல்லை. நான் கிளாஸைக் கழுவப் போய்விட்டேன்.

"ஒரு தடவை சீனி ஏத்தினா போதாது அங்கிள்" என்றார் டாக்டர். "இந்த மருந்து உடம்புல ரொம்ப நேரம் நிக்கும். ஏத்த ஏத்த மறுபடி இறங்கும். வயசு வேற. வார்டுல வச்சுப் பார்க்கணும். இப்பவே ஒண்ணும் சொல்லமுடியாது." போகத் திரும்பியவர் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார். "டப்பாவுல ஒண்ணுகூட மாறிப் போகல. நாலு வயசா?"

நான் தலையை ஆட்டினேன்.

மத்தியானம் பாக்சிக் குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே அவர் மனைவி பார்த்துக்கொண்டார். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் வேலை இடத்தில் போனைப் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டும். செய்தி கிடைத்து, பாலத்தில் நெரிசலைத் தாண்டி அவர்கள் வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. தம்பி நேராக வார்டுக்குள் ஓடினான். தம்பி மனைவி என் முன்னால் வந்து நின்றாள். தொழிற்சாலைச் சட்டையோடு இருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நான்தானே அத்தான் நிரப்புனேன்? ஒவ்வொண்ணாப் பார்த்துத்தான் போட்டேன். பஸ்ஸுல வரும்போதெல்லாம் யோசிச்சுப் பார்க்கிறேன். எங்க மாறுச்சுன்னு தெரியலயே. மாமாவை நானே…"

"நீ இல்லம்மா" என்றேன். அதைச் சொன்னால் அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். வேறு வழி இல்லை. சொன்னேன்.

அவள் நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு வகையும் தனித்தனியாவா?"

"நாலும்."

"ரெண்டு வெள்ளையுமா?"

"ரெண்டு வெள்ளையும்."

அவளிடமிருந்து ஒரு சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

தம்பி வெளியே வந்தான். அப்பாவுக்கு மறுபடியும் இறங்கியிருக்கிறது என்றான். விஷயத்தைக் கேட்டதும் அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இனிமே அந்த விளையாட்டெல்லாம் வேணாம்ணே. டிவி போட்டு உட்கார வச்சிரு. சும்மா இருந்தா போதும்" என்றான்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றாள் தம்பி மனைவி. "மாமாவுக்கு என்ன ஆனாலும் சரி. யாரும் சொல்லக் கூடாது. வாழ்நாள் முழுக்க அவ அதைச் சுமக்க முடியாது."

அதில் மூன்று பேருக்கும் ஒரே எண்ணம். அப்பா செத்துவிட்டால், நாங்கள் மூன்று பேரும் அதை எத்தனை வருஷம் மறைப்போம்? யாரோ ஒரு உறவுக்காரர் ஒரு கல்யாண வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிடமாட்டாரா? காலையிலிருந்து எனக்குள்ளே ஓடியது இதுதான்.

மறுநாள் அப்பாவுக்குச் சீனி நிற்க ஆரம்பித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஓ, நீயா?" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். நடந்ததைத் தம்பி அவரிடம் சொன்னான். அப்பா மேலே கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "புள்ளை சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் தம்பி கிளிப்புக் கூடையை அலமாரி மேல் ஏற்றிவிட்டான். மாத்திரை டப்பாவை ஐஸ் பெட்டிக்கு மேலே, பின்னால் தள்ளி வைத்தான். குழந்தை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கூடை எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவள் வருவாள் என்று நான் வெங்காயம் உரித்தேன். வரவில்லை. துணி மடித்தேன். வரவில்லை. எதைக் கண்டாலும் ஏன் எதற்கு என்று துளைக்கிறவள் அந்தக் கூடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று தம்பியும் அவன் மனைவியும் விடுப்பு எடுத்திருந்தார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். குழந்தை கதவோரம் நின்றாள். எப்போதும் போல ஓடி வந்து மடியில் ஏறவில்லை. அங்கிருந்தபடியே கேட்டாள்.

"தாத்தா, நான் வீடு மாத்தி வச்சிட்டேனா?"

தம்பி மனைவி கையிலிருந்த பையை நழுவவிட்டாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். யாரும் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் அட்டைகளை எண்ணியபோது அவளும் அங்கேதானே நின்றாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் இத்தனை நாள் அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறாள். விளிம்பை மட்டும் பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"ஒண்ணுமில்லடா கண்ணு, நீ ஒண்ணும்…" என்று தம்பி ஆரம்பித்தான்.

அப்பா கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். "இங்க வா" என்றார் குழந்தையிடம். வந்தாள்.

"நீ சரியாத்தான் வச்ச. ஒண்ணுகூட மாறல. டாக்டரம்மாவே சொன்னாங்களாம். ஆனா அது வேற மாதிரி வீடு. அங்க எல்லாரும் கலந்துதான் இருக்கணும், நம்ம வீடு மாதிரி. உனக்கு அது தெரியாது. யாரும் சொல்லல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கண்ணைத் திறந்து பார்க்காம ஒரு வீட்டு ஆளுங்க அத்தனை பேரையும் ஒரே முழுங்கா முழுங்கிட்டேன். வயிறு சும்மா இருக்குமா?"

அவள் சிரிக்கவில்லை. "வலிச்சுதா?"

"தலை சுத்துச்சு. உங்க பெரியப்பனையே தெரியல."

"எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்."

"பார்த்தியா? பயந்துட்டியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பெரிய அழுகை. அப்பா அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

அழுது முடிந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். "அந்த டப்பாவை எடுத்துட்டு வாடா. கூடையையும் இறக்கு."

"அப்பா, வேணாம்" என்றான் தம்பி.

"நீ ஒளிச்சு வச்சா அவ அதை வேற எதாவதுன்னு நினைச்சுக்குவா. கொண்டு வா."

இப்போது டப்பா ஐஸ் பெட்டி மேல்தான் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுப்பது நான் மட்டும். அப்பா விபூதி பூசிக்கொண்டு வந்து உட்காருவார். அன்றைய மூடியைத் திறந்து, மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, கையை அவளுக்கு நீட்டுவார். கண்ணை மூடுவதில்லை. அவள் தொடாமல் குனிந்து பார்த்துச் சொல்வாள். பெரிய வெள்ளை ஒருத்தர், இளஞ்சிவப்பு ஒருத்தர், மஞ்சள் ஒருத்தர். டாக்டர் அந்தச் சின்ன வெள்ளையைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார். போன வாரம்தான் மறுபடி எழுதிக் கொடுத்தார், பாதி மாத்திரை.

அது கையில் வந்த முதல் நாள் காலை, அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இவரு வந்துட்டாரு."

நான் டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அப்பா அசையவில்லை.

"ஆமா, வந்துட்டாரு. பாதி ஆளாத்தான் வந்திருக்காரு பாரு."

"இவரு கெட்டவரா தாத்தா?"

"நல்லவருதான். தனியா வந்தா நல்லவரு. கூட்டமா வந்தாத்தான் ரகளை."

அவள் அந்தப் பாதி மாத்திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "சரி, போட்டுக்க" என்றாள். அப்பா வாயில் போட்டுக் கோப்பியைக் குடித்தார். பெரிய வெள்ளை தொண்டையில் மாட்டியது. இருமினார். நான் கிளாஸை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா அப்படிப் பார்க்கிற? நீ யாருன்னு தெரியுது, போ" என்றார்.